நுழைவுத் திரையில் மூன்று மொழிகள் மட்டும்: லினக்ஸ் கணினிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

திருகோணமலை உப்புவெளியில் நான் பராமரித்துவரும் பொதுக் கணினி அறையில் 12 கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் டெபியன் லினக்ஸ் இயங்குதளம், எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளம், லைட்டிஎம் என்னும் நுழைவுத் திரை ஆகியவற்றை நிறுவியிருக்கிறேன். கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் வரும் தமிழ்மொழி மூலப் பிள்ளைகளும், நகரில் சிங்கள மொழி மூலம் படிக்கும் பிள்ளைகளும் ஒரே கதிரைகளில் மாறி மாறி அமர்கிறார்கள். ஆகவே நுழைவுத் திரையின் மேல்மூலையில் இருக்கும் மொழிப் பட்டியல் எங்களுக்கு அலங்காரமன்று. அது நாள்தோறும் பலமுறை கைபடும் இடம்.

அந்தப் பட்டியலில் ஒருகாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. தரம் 7 மாணவி ஒருவர் தமிழைத் தேடிக் கீழே உருட்டும்போது விரல் வழுகி வேறொரு வரியைச் சொடுக்கிவிட, எங்களில் எவராலும் வாசிக்க முடியாத எழுத்தில் மேசைத்தளம் திறந்தது. வெளியேறும் பொத்தான் எதுவென்றுகூட அவருக்குத் தெரியவில்லை. ஒப்படையைச் செய்யாமலேயே அன்று வீட்டுக்குப் போனார். பட்டியலைச் சுருக்க வேண்டும் என்று நான் முடிவுசெய்தது அன்றுதான். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாகக் குறித்தது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய அந்த மூன்றும் எங்கள் திரையில் குறைவின்றி இருக்க வேண்டும். நான்காவதாக ஒன்று இருக்கத் தேவையில்லை.

கீழே வரும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சுச் செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்ட வேண்டும். புள்ளி, சிறுகோடு, அடிக்கோடு ஆகியவை இங்கே உள்ளவாறே வரும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மொழிப் பட்டியலைக் காட்டும் இன்றைய நுழைவுத் திரைகளில் பெரும்பாலானவை தமக்கென்று தனிப் பட்டியல் எதையும் வைத்திருப்பதில்லை. கணினியில் எந்தெந்த ‘லொக்கேல்’கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன என்று அடித்தளத்தைக் கேட்டு, கிடைத்த விடையை அப்படியே காட்டுகின்றன. லொக்கேல் என்பது ஒரு மொழியையும் ஒரு நாட்டையும் ஓர் எழுத்துக் குறிமுறையையும் சேர்த்துக் குறிக்கும் அமைவு. இலங்கைத் தமிழுக்கு ‘டிஏ_எல்கே’, இலங்கைச் சிங்களத்துக்கு ‘எஸ்ஐ_எல்கே’. எனவே லைட்டிஎம்மின் அமைப்புக் கோப்பில் மொழிப் பட்டியலைச் சுருக்கும் வரியைத் தேடி ஒரு முழு மாலையைக் கழிப்பவர் (நானும் அப்படிக் கழித்தவன்) அங்கே இல்லாத ஒன்றையே தேடுகிறார்.

அறிகுறி: பட்டியல் முடிவில்லாமல் நீள்கிறது

கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையத்தைத் திறந்து ‘லொக்கேல் -ஏ’ என்ற கட்டளையை இயக்குங்கள். உருவாக்கப்பட்டுள்ள எல்லா லொக்கேல்களும் வரிவரியாக வரும். லைட்டிஎம் இதே கட்டளையைத் தானும் இயக்கி, வரும் பெயர்களில் ‘.யூடிஎஃப்8’ என்ற எழுத்துக் குறிமுறைப் பின்னொட்டு உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே முனையத்தில் நீளமாக வருவது திரையிலும் நீளமாகவே இருக்கும். அங்கே குறைந்தால் இங்கேயும் குறையும்.

டெபியனில் இதைக் குறைக்கும் இடம் ‘ஈடிசி’ கோப்புறையில் உள்ள ‘லொக்கேல்.ஜென்’ என்னும் கோப்பு. அதில் ஒவ்வொரு லொக்கேலுக்கும் ஒரு வரி இருக்கும். வரியின் தொடக்கத்தில் எண்குறி (#) இருந்தால் அது செயலற்றது என்று பொருள். கோப்பின் நகலொன்றை வேறிடத்தில் வைத்துவிட்டு, ‘டிஏ_எல்கே’, ‘எஸ்ஐ_எல்கே’, ‘இஎன்_ஜிபி.யூடிஎஃப்-8’ ஆகிய மூன்று வரிகளின் முன்னுள்ள எண்குறியை மட்டும் நீக்கி, ஏனைய வரிகள் அனைத்தின் முன்னும் எண்குறி இருப்பதை உறுதிசெய்யுங்கள். பின்னர் நிர்வாகி உரிமையுடன் ‘லொக்கேல்-ஜென்’ கட்டளையை இயக்குங்கள். டெபியனில் இக்கட்டளை பழைய தொகுப்பை முதலில் அழித்துவிட்டு, கோப்பில் செயல்நிலையில் உள்ளவற்றை மட்டும் புதிதாகக் கட்டுகிறது. கோப்பைக் கையால் திருத்தத் தயங்குபவர்கள் ‘டிபிகேஜி-ரீகன்ஃபிகர் லொக்கேல்ஸ்’ என்று தட்டினால், இதே வேலையை அடையாளமிடும் கட்டங்கள் கொண்ட திரையொன்றில் செய்து முடிக்கலாம். கணினியின் இயல்பு மொழி எது என்றும் அத்திரையே இறுதியில் கேட்கும்.

மாற்றத்தைக் காண லைட்டிஎம் சேவையை மீளத் தொடங்கத் தேவையில்லை. அப்படிச் செய்தால் அந்தக் கணினியில் அப்போது வேலைசெய்துகொண்டிருப்பவரின் அமர்வு சேமிக்கப்படாத வேலையோடு மூடப்பட்டுவிடும். வெளியேறினாலே போதும், நுழைவுத் திரை புதிதாகத் தொடங்கிப் பட்டியலைப் புதிதாக வாசிக்கும்.

ஆங்கிலத்துக்கு ஏன் பிரித்தானிய அமைவு என்று கேட்கப்படுவதுண்டு. லினக்ஸின் அடித்தள நூலகமான ஜிலிப்சியில் இலங்கை ஆங்கிலத்துக்கென்று லொக்கேல் இல்லை. அமெரிக்க அமைவைத் தெரிவுசெய்தால் மாதம் முதலிலும் நாள் பின்னரும் வரும். தாளின் அளவு ஏ4 ஆக இல்லாமல் லெட்டர் ஆகிவிடும். எங்கள் அறையில் அச்சிட்ட விண்ணப்பப் படிவங்களின் அடிவரி சில மாதங்களாக வெட்டுப்பட்டு வந்ததற்கு இதுதான் காரணம் என்பதைப் பின்னரே கண்டுகொண்டேன். பிரித்தானிய அமைவில் நாள் முறையும் தாளின் அளவும் எமக்குப் பொருந்தும். பணக்குறி மட்டும் பவுணாக வரும். அதைத் திருத்த ‘ஈடிசி’க்குள் ‘டிஃபோல்ட்’ கோப்புறையில் உள்ள ‘லொக்கேல்’ கோப்பில் ‘எல்சி_மொனெட்டரி’ என்ற மாறிக்கு (அமைப்பு மதிப்பொன்றைத் தாங்கும் பெயர்) இலங்கைத் தமிழ் அமைவைக் கொடுத்துவிடலாம்.

‘லொக்கேல் -ஏ’ விடையில் ‘சி’ என்றும் ‘போசிக்ஸ்’ என்றும் சில பெயர்கள் எப்போதும் எஞ்சும். அவை அடித்தளத்தோடு வருபவை; அவற்றை அகற்ற முயலக் கூடாது.

அறிகுறி: சுருக்கிய பின்னும் பட்டியல் குறையவில்லை

கோப்பு சரியாக இருக்கிறது, கட்டளையும் பிழையின்றி ஓடியது, ஆயினும் பட்டியலில் ஒரு பெயர்கூடக் குறையவில்லை என்றால், டெபியனில் முதலில் பார்க்க வேண்டியது ‘லொக்கேல்ஸ்-ஆல்’ என்னும் பொதி (ஒன்றாக நிறுவப்படும் மென்பொருள் தொகுப்பு) நிறுவப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். உலகின் எல்லா லொக்கேல்களையும் ஏற்கெனவே கட்டி முடித்த நிலையில் கொண்டுவரும் பொதி அது. அது இருக்கும்வரை ‘லொக்கேல்.ஜென்’ கோப்பில் நாம் எதை நீக்கினாலும் பயனில்லை. வாங்கிய கணினியை ஒருவர் நிறுவிக் கொடுக்கும்போது, பின்னர் எந்த மொழி கேட்டாலும் இருக்கட்டும் என்று இதைச் சேர்த்துவிடுவது வழக்கம். எங்கள் கணினிகளுள் நான்கில் அதுவே நடந்திருந்தது. முதலில் ‘லொக்கேல்ஸ்’ என்னும் சாதாரணப் பொதி இருப்பதை உறுதிசெய்துகொண்டு, பிறகு ‘லொக்கேல்ஸ்-ஆல்’ பொதியை நீக்கி, அதன் பின் ‘லொக்கேல்-ஜென்’ கட்டளையை மீண்டும் இயக்குங்கள். இந்த வரிசை முக்கியமானது. சாதாரணப் பொதி இல்லாத கணினியில் பெரிய பொதியை நீக்கினால் ‘லொக்கேல்-ஜென்’ கட்டளையே இருக்காது. தமிழும் சேர்ந்து போய்விடும்.

உபுண்டு என்னும் இன்னொரு லினக்ஸ் வகையில் காரணம் வேறு. அங்கே ‘லாங்குவேஜ்-பேக்-இஎன்’ என்னும் ஆங்கில மொழிப்பொதி, அன்டிகுவா முதல் சிம்பாப்வே வரை எல்லா நாட்டு ஆங்கிலங்களையும் ஒருங்கே உருவாக்கிவிடுகிறது. ‘வார்’, ‘லிப்’, ‘லொக்கேல்ஸ்’, ‘சப்போர்ட்டட்.டி’ என்று கோப்புறைகளின் வழியே உள்ளே சென்றால், அந்தப் பொதி வைத்த ‘இஎன்’ என்னும் கோப்பைக் காணலாம். அதில் வேண்டிய ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, ‘லொக்கேல்-ஜென்’ கட்டளையை ‘--பர்ஜ்’ என்ற தெரிவுடன் இயக்க வேண்டும். உபுண்டுவில் அத்தெரிவைக் கொடுத்தால்தான் பழையவை முதலில் அழிக்கப்படும். மொழிப்பொதி இற்றைப்படுத்தப்படும்போது அந்தக் கோப்பு திரும்ப வரக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையில் ‘ஜிலிப்சி-ஆல்-லாங்பேக்ஸ்’ என்னும் பொதி இதே வேலையைச் செய்கிறது. அங்கேயும் வரிசை முக்கியம்: தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் உரிய தனித்தனி ‘ஜிலிப்சி-லாங்பேக்’ பொதிகளை முதலில் நிறுவிவிட்டு, அதன் பின்னரே எல்லாம் அடங்கிய பொதியை நீக்குங்கள்.

அறிகுறி: தமிழ் இருமுறை வருகிறது, அல்லது தமிழே இல்லை

முனையத்தில் ‘டிஏ_எல்கே’ என்றும் ‘டிஏ_எல்கே.யூடிஎஃப்8’ என்றும் இரு வரிகள் வருவது பிழையன்று. தமிழுக்கும் சிங்களத்துக்கும் ஜிலிப்சி வைத்திருக்கும் மூலப் பெயரில் பின்னொட்டு இல்லை. கட்டும்போது பின்னொட்டுடன் இன்னொரு பெயரும் சேர்த்து எழுதப்படுகிறது. இரண்டும் ஒன்றே. இதில் ஒன்றை நீக்க வேண்டும் என்று எண்ணிப் பின்னொட்டுள்ள பெயரைத் தொகுப்பிலிருந்து அழித்தால், லைட்டிஎம் தேடும் பெயர் இல்லாமற்போய், திரையிலிருந்து தமிழ் மறைந்துவிடும்.

நுழைவுத் திரையிலேயே தமிழ் இருமுறை வந்து, பக்கத்தில் நாட்டின் பெயர் மட்டும் வேறுபட்டால், இந்தியத் தமிழ் அமைவான ‘டிஏ_ஐஎன்’ உம் செயல்நிலையில் இருக்கிறது என்று பொருள். இலங்கை அமைவை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கலாம். அப்படி நீக்கினால் தமிழ் மொழிபெயர்ப்புகள் போய்விடும் என்ற அச்சத்தைப் பலரிடம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான மென்பொருள்களின் தமிழ் மொழிபெயர்ப்பு நாட்டின் பெயரின்றி ‘டிஏ’ என்னும் பொதுக் கோப்புறையிலேயே இருக்கிறது. இலங்கை அமைவைத் தெரிவுசெய்தவருக்கும் இந்திய அமைவைத் தெரிவுசெய்தவருக்கும் அங்கிருந்தே அது வருகிறது. நாள், பணம் முதலிய வழக்குகளில்தான் இரு அமைவுகளும் வேறுபடுகின்றன. தயங்காமல் இலங்கை அமைவை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழே இல்லையென்றால், வரியின் முன்னுள்ள எண்குறி உண்மையில் நீங்கியதா, நாட்டுக் குறி பேரெழுத்தில் உள்ளதா, கட்டளை நிர்வாகி உரிமையுடன் ஓடியதா என்ற மூன்றையும் பாருங்கள். நான் கண்டவரை காரணம் இவற்றுக்குள் அடங்கிவிடுகிறது.

அறிகுறி: தமிழைத் தெரிவுசெய்தாலும் ஆங்கிலத்திலேயே திறக்கிறது

என்னை அதிக நாள் அலைக்கழித்தது இதுதான். பட்டியல் அழகாக மூன்றாகக் குறைந்துவிட்டது. பிள்ளை தமிழைத் தெரிவுசெய்கிறார். உள்ளே எல்லாம் ஆங்கிலம். தாம் பிழையாகச் சொடுக்கிவிட்டதாக எண்ணி மீண்டும் மீண்டும் முயன்றுவிட்டு, கடைசியில் ஆங்கிலத்திலேயே வேலையைத் தொடங்கிவிடுவார்கள். எவரும் என்னிடம் வந்து முறையிடவில்லை. அதனால்தான் இதை நான் கண்டுகொள்ளவே காலமாயிற்று.

உள்ளே சென்று முனையத்தில் ‘லொக்கேல்’ என்று மட்டும் தட்டுங்கள். ‘லாங்’ என்ற மாறிக்கு எதிரே தமிழ் அமைவு இருக்கும். நுழைவுத் திரை தன் கடமையைச் செய்துவிட்டது என்பது அதிலிருந்து தெரியும். இப்போது ‘லாங்குவேஜ்’ என்ற மாறியைப் பாருங்கள். டெபியனை நிறுவும்போது ஆங்கிலத்தைத் தெரிவுசெய்திருந்தால், நிறுவி ‘டிஃபோல்ட்’ கோப்புறையின் ‘லொக்கேல்’ கோப்பில் இந்த மாறிக்கும் ஆங்கிலத்தை எழுதிவைத்திருக்கக்கூடும். மென்பொருள்களின் செய்திகளைப் பொறுத்தவரை ‘லாங்குவேஜ்’ மாறியே எல்லாவற்றுக்கும் முதலில் பார்க்கப்படுகிறது. அதன் பின் ‘எல்சி_ஆல்’, அதன் பின் ‘எல்சி_மெசேஜஸ்’, கடைசியில்தான் ‘லாங்’. நுழைவுத் திரை மாற்றுவது கடைசியில் உள்ளதை மட்டும். முதலில் உள்ளது ஆங்கிலம் என்று சொல்லும்போது கடைசியில் உள்ளதை எவரும் கேட்பதில்லை. அந்தக் கோப்பிலிருந்து ‘லாங்குவேஜ்’ வரியை முழுவதுமாக நீக்கிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைந்தால் தமிழ் வரும்.

எல்லோருக்கும் தமிழ் வந்து ஒருவருக்கு மட்டும் வரவில்லையென்றால், அவருடைய வீட்டுக் கோப்புறையில் புள்ளியுடன் தொடங்கும் மறைகோப்புகளான ‘.ப்ரொஃபைல்’, ‘.எக்ஸ்செஷன்ஆர்சி’ ஆகியவற்றைப் பாருங்கள்; பழைய உபுண்டுவிலிருந்து கொண்டுவந்த கணக்காயின் ‘.பாம்_என்விரோன்மென்ட்’ கோப்பையும் பாருங்கள். எவரோ எப்போதோ எழுதிய ஒரு வரி அங்கே கிடக்கும்.

மேசைத்தளம் தமிழில் வந்து, லிப்ரே ஆபீஸும் ஃபயர்ஃபாக்ஸும் மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் அது வேறு விடயம். அவற்றுக்குத் தமிழ், சிங்கள மொழிப்பொதிகள் தனியே நிறுவப்பட வேண்டும். நிறுவிய பின்னரும் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் தென்படுமாயின், அந்த வரிகள் இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை என்று பொருள். அதற்கு நம் கணினியில் செய்யக்கூடியது எதுவுமில்லை. மொழிபெயர்ப்பில் சேர்ந்து உழைக்கலாம்.

அறிகுறி: சுருக்கிய மறுநாள் ஒருவருக்கு மட்டும் எல்லாம் குழம்புகிறது

ஒவ்வொரு பாவனையாளரும் கடைசியாகத் தெரிவுசெய்த மொழி சேமிக்கப்படுகிறது. முன்பு தவறுதலாக வேறொரு மொழியைத் தெரிவுசெய்திருந்த ஒருவரின் கணக்கில் அந்தப் பெயர் அப்படியே இருக்க, நாம் அந்த லொக்கேலை அழித்துவிட்டால், அவர் நுழையும்போது இல்லாத ஒன்று கேட்கப்படுகிறது. கணினி ‘சி’ என்னும் வெற்று அமைவுக்கு இறங்கிவிடுகிறது. அப்போது தமிழ்க் கோப்புப் பெயர்கள் முனையத்தில் வினாக்குறிகளாகவோ எண்களின் கோவைகளாகவோ தெரியும். லொக்கேலை அமைக்க முடியவில்லை என்ற எச்சரிக்கை கட்டளைக்குக் கட்டளை வரும். குனோம் மேசைத்தளத்தின் முனையம் திறக்கவே மறுக்கும். கோப்புகள் பழுதாகிவிட்டன என்று பிள்ளைகள் பதறுவார்கள். எதுவும் பழுதாகவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் நுழைவுத் திரையில் ஒருமுறை தமிழையோ சிங்களத்தையோ தெரிவுசெய்து உள்ளே சென்றாலே சரியாகிவிடும். சரியாகாவிட்டால், ‘வார்’, ‘லிப்’, ‘அக்கவுண்ட்ஸ்சர்வீஸ்’, ‘யூசர்ஸ்’ என்ற வழியில் அந்தப் பாவனையாளரின் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும். அதில் ‘லாங்குவேஜ்’ என்று தொடங்கும் வரியைத் திருத்தி, ‘அக்கவுண்ட்ஸ்-டீமன்’ சேவையை மீளத் தொடங்குங்கள். வீட்டுக் கோப்புறையின் ‘.டிஎம்ஆர்சி’ கோப்பிலும், ‘வார்’, ‘கேஷ்’, ‘லைட்டிஎம்’, ‘டிஎம்ஆர்சி’ என்ற வழியில் வைக்கப்படும் அதன் நகலிலும் பழைய பெயர் இருக்கலாம். வீட்டுக் கோப்புறையில் திருத்தியும் பழையதே திரும்பி வருகிறது என்றால், மறந்துபோன அந்த நகலே காரணம்.

மேசைத்தளத்தையே அடைய முடியாத நிலையில், கட்டுப்பாட்டு விசை, ஆல்ட் விசை, எஃப்2 ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போகலாம். அங்கே தமிழ் எழுத்துகள் தெரியமாட்டா. லினக்ஸின் எழுத்து முனையத்தால் மிகச் சில எழுத்து வடிவங்களையே காட்ட முடியும், நம் உயிர்மெய்களைச் சேர்த்து வரைய அதற்குத் தெரியாது. கணினியின் இயல்பு மொழி தமிழாக இருந்தால் பிழைச்செய்திகளைக்கூட வாசிக்க முடியாது. ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னே ‘எல்சி_ஆல்=சி’ என்று சேர்த்துத் தட்டினால் செய்திகள் ஆங்கிலத்தில் வரும்.

அறிகுறி: ஆவணங்கள் காணாமற்போயின

மேலே சொன்னதோடு ஒட்டிய பிழையே இது. ஆனால் அழுகை வருவது இதில்தான். மொழி மாறி நுழைந்த முதல் தடவையில், ஆவணங்கள், படங்கள் போன்ற வழக்கமான கோப்புறைகளின் பெயர்களைப் புதிய மொழிக்கு மாற்றட்டுமா என்று ஒரு சிறு பெட்டி கேட்கும். வாசிக்க முடியாத மொழியில் வந்த கேள்விக்குப் பிள்ளை பெயரை மாற்றும் பொத்தானை அழுத்திவிடுகிறார். உள்ளே கோப்புகள் இருந்த பழைய கோப்புறை அப்படியே இருக்க, புதிய பெயரில் வெறுங் கோப்புறையொன்று பக்கத்தில் உருவாகிறது. மென்பொருள்கள் எல்லாம் அதன் பின் வெறுங் கோப்புறையையே திறக்கின்றன. வீட்டுக் கோப்புறையைத் திறந்து பார்த்தால் பழையது அங்கேயே இருக்கும். கோப்புகளை ஓரிடத்தில் சேர்த்துவிட்டு, மறைகோப்புறையான ‘.கன்ஃபிக்’ இல் உள்ள ‘யூசர்-டிர்ஸ்.டிர்ஸ்’ கோப்பில் பெயர்களைச் சரிசெய்யுங்கள்.

இருமொழிப் பிள்ளைகள் மாறி மாறி மொழியைத் தெரிவுசெய்யும் எங்கள் அறையில் இந்தக் கேள்வியே எழக் கூடாது என்று முடிவுசெய்தேன். ‘ஈடிசி’க்குள் ‘எக்ஸ்டிஜி’ கோப்புறையில் உள்ள ‘யூசர்-டிர்ஸ்.கன்ஃப்’ கோப்பில் ‘இனேபிள்ட்’ என்பதற்கு ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தால் கோப்புறைகள் இருந்த பெயரிலேயே இருந்துவிடும்.

அறிகுறி: மொழிப் பெயர்களின் இடத்தில் வெறும் பெட்டிகள்

உள்ளே சென்ற பின் தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிகின்றன, நுழைவுத் திரையில் மட்டும் பெட்டிகள் என்றால், எழுத்துருவைப் பாவனையாளர் ஒருவரின் வீட்டுக் கோப்புறையில் நிறுவியிருக்கிறீர்கள். நுழைவுத் திரை தனக்கென்று உள்ள ‘லைட்டிஎம்’ என்னும் கணக்கில் ஓடுகிறது; பிறருடைய வீட்டுக்குள் அது பார்ப்பதில்லை. எழுத்துருவைக் கணினி முழுமைக்கும் பொதுவாக நிறுவுங்கள். டெபியனில் தமிழுக்கு ‘ஃபொண்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல்’, சிங்களத்துக்கு ‘ஃபொண்ட்ஸ்-எல்கேலக்-சிங்களா’ ஆகிய பொதிகள் போதும்.

அறிகுறி: சரியான கடவுச்சொல்லும் ஏற்கப்படவில்லை

மொழிப் பட்டியலும் விசைப்பலகைப் பட்டியலும் வெவ்வேறு. இலங்கை என்று பெயரிட்ட ‘எல்கே’ விசைப்பலகையின் இயல்பு வடிவம் சிங்கள ஒலிப்பு முறை. தமிழ் வேண்டுமென்றால் ‘டாம்_யூனிகோட்’ என்னும் மாற்று வடிவத்தைத் தனியே குறிக்க வேண்டும். ‘டிஃபோல்ட்’ கோப்புறையின் ‘கீபோர்ட்’ கோப்பில் ‘எல்கே’ முதலாவதாக இருந்தால், கடவுச்சொல்லின் எழுத்துகள் சிங்களமாக விழும். திரையில் தெரிவதோ புள்ளிகள் மட்டுமே. ‘யூஎஸ்’ வடிவத்தை முதலாவதாகவும் ‘எல்கே’யை அடுத்ததாகவும் வைத்து, நுழைவுத் திரையில் விசைப்பலகையைக் காட்டும் ‘~லேஅவுட்’ குறிகாட்டியையும் சேர்த்துவிடுங்கள்.

பட்டியலையே மறைத்துவிடலாமா?

லைட்டிஎம்மின் ஜிடிகே நுழைவுத் திரையில் அது மிக எளிது. ‘ஈடிசி’க்குள் ‘லைட்டிஎம்’ கோப்புறையில் உள்ள ‘லைட்டிஎம்-ஜிடிகே-கிரீட்டர்.கன்ஃப்’ கோப்பில், ‘இண்டிகேட்டர்ஸ்’ வரியிலிருந்து ‘~லாங்குவேஜ்’ என்ற சொல்லை நீக்கினால் மொழிப் பட்டியல் காணாமற்போகும். ஒரே மொழியில் இயங்கும் அலுவலகத்துக்கு இது பொருந்தலாம். எங்கள் அறைக்கு இது பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. பட்டியலை மறைத்தால் இயல்பு மொழி எதுவோ அதுவே எல்லோர்மீதும் விழும்; அது தமிழாக இருந்தால் சிங்களப் பிள்ளைக்கும், சிங்களமாக இருந்தால் தமிழ்ப் பிள்ளைக்கும், தன் மொழியைக் கேட்டு வாங்க வேண்டிய நிலை வரும். மூன்று வரிகளை வாசித்துத் தம்முடையதைத் தெரிவுசெய்வது எந்தப் பிள்ளைக்கும் கடினமன்று.

வேறு நுழைவுத் திரை வைத்திருப்பவர்களுக்கும் சில சொற்கள். இன்றைய ஜிடிஎம்மிலும் எஸ்டிடிஎம்மிலும் மொழிப் பட்டியலே இல்லை; உள்ளே சென்று அமைப்புகளில்தான் ஒவ்வொருவரும் தம் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே காட்டப்படும் மொழிகளைக் குறைக்கவும் லொக்கேல்களைக் குறைப்பதே வழி.

பட்டியலை நுழைவுத் திரையின் அமைப்பிலேயே நேராகக் குறிக்கும் வசதி சிடிஈ என்னும் பழைய யுனிக்ஸ் மேசைத்தளத்தில் இருந்தது. சோலாரிஸ் 10 வரை அது வந்தது. 2012இல் அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டதால் லினக்ஸிலும் அதை நிறுவுவோர் உண்டு. அதன் ‘எக்ஸ்கன்ஃபிக்’ கோப்பில் ‘டிடிலாகின்*லாங்குவேஜ்லிஸ்ட்’ என்று எழுதி, எதிரே வேண்டிய லொக்கேல்களை இடைவெளி விட்டு வரிசைப்படுத்தினால், அவை மட்டுமே காட்டப்படும். மற்றவை கணினியில் இருந்தாலும் மறைந்திருக்கும். அங்கே மாற்றம் பலிக்காததற்கு இரு காரணங்களையே பார்க்க வேண்டும். பெயர்கள் ‘லொக்கேல் -ஏ’ காட்டுவதுபோல் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். திருத்த வேண்டியது ‘யூஎஸ்ஆர்’ இன் கீழுள்ள மூலக் கோப்பையன்று. அதை ‘ஈடிசி’, ‘டிடி’, ‘கன்ஃபிக்’ என்ற வழியில் நகலெடுத்து, அந்த நகலையே திருத்த வேண்டும்.

டெபியனின் அடுத்த பெரும் பதிப்புக்கு மாறும்போது இவை அனைத்தையும் மீளப் பார்க்க வேண்டியிருக்கும். சரியாக இயங்கும் ஒரு கணினியில் ‘லொக்கேல் -ஏ’ தரும் விடையை ஒரு கோப்பில் சேமித்துவைத்து, மாறிய பின் ஒவ்வொரு கணினியின் விடையையும் அதனோடு ஒப்பிடுகிறேன். பின்னர் ஒவ்வொரு கணினியிலும் வெளியேறி, தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை நுழைந்து, தமிழ்ப் பெயரிட்ட கோப்பொன்றைத் திறந்து மூடுகிறேன். 12 கணினிகளுக்கும் 36 தடவை. ஒரு காலைப்பொழுது போதும்.